கர்னலில் இரண்டு பிரிவுகள் முட்டிக்கொள்ளும் இடம்: எந்தப் பாதுகாப்பைத் தேர்வது?

"ஏண்ணா, எல்லாத்துக்கும் ஒரு ம்யூடெக்ஸ் போட்டுட்டா போதாதா?"

லினக்ஸ் டிரைவர் எழுதப் பழகும் பிள்ளைகள் காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் அடிக்கடி கேட்பது இதைத்தான். டிரைவர் என்பது ஒரு சாதனத்தைக் கர்னலோடு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியோடு, இணைக்கும் நிரல். ம்யூடெக்ஸ் என்பது ஒரு டேட்டாவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவிடும் ஒரு வகைப் பூட்டு, அதாவது லாக். ஒரே ஆள் எழுதிய ஒரே கோப்புக்குள் என்றால் பெரும்பாலும் போதும். தொல்லை எல்லையில்தான் தொடங்குகிறது. ஒரு பக்கம் உங்கள் டிரைவர், இன்னொரு பக்கம் யுஎஸ்பி பிரிவு, அப்புறம் டைமர், சிஸ்எஃப்எஸ் (கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் பிரிவு), மெமரி நிர்வாகம், நெட்வொர்க். ஆளுக்கொரு லாக், ஆளுக்கொரு விதி. உங்கள் லாக் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்கும் பல நேரம் தெரியாது.

ஒரே உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஆலைக் கழிவுநீரின் பிஎச் அளவைப் பதிகிற ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. சென்சார் யுஎஸ்பியில் இருக்கிறது. சில நொடிக்கு ஒருமுறை டைமர் எழுந்து ஒரு வேலையை வரிசையில் போடும். அந்த வேலை சென்சாரிடம் அளவு கேட்கும். பதில் இன்டரப்ட் சூழலில், அதாவது வன்பொருள் கூப்பிட்டதும் நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் நிலையில், வந்து சேரும். பதிவு எடுக்கும் நிரல் சாதனக் கோப்பைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டே இருக்கும். டெக்னீஷியன் சிஸ்எஃப்எஸ் வழியாகக் காலிபரேஷன் எண்களை (அளவைச் சரிப்படுத்தும் எண்கள்) மாற்றுவார். யாராவது எந்த நேரத்திலும் கேபிளைப் பிடுங்கலாம்.

அளவு தப்பாகப் பதிந்தால் என்ன பெரிய நஷ்டம் என்று நம் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். பாலாற்றுக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது இந்தத் தோல் ஆலைகளைப் பற்றித்தான். பெட்டி எழுதும் எண் ஒரு சாட்சி. அது பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கக் கூடாது.

## லாக் இருந்தும் நடந்த விபத்து

2016 அக்டோபரில் திருத்தப்பட்ட 'டர்ட்டி கவ்' ஓட்டையைத்தான் நான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். 2007இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து அது கர்னலில் இருந்தது. படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஒரு கோப்பில் சாதாரணப் பயனர் எழுத முடிந்தது.

நடந்ததை நிதானமாகப் பாருங்கள். ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் ஓட்டம்), தனக்கு மட்டுமான மேப்பிங்கில், அதாவது கோப்பை மெமரியில் விரித்த இடத்தில், எழுதக் கேட்கிறது. கர்னல் அந்தப் பக்கத்துக்கு (மெமரியின் ஒரு துண்டு) ஒரு தனி நகல் எடுக்கிறது. நகல் எடுத்தாகிவிட்டதால் 'எழுத வேண்டும்' என்ற குறியை நீக்கிவிட்டு, பக்கத்தை மறுபடி தேடுகிறது. அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட், 'இந்தப் பக்கம் எனக்கு வேண்டாம்' என்று சொல்லி நகலைத் தூக்கி எறிகிறது. திரும்பத் தேடும்போது நகல் இல்லை. எழுதும் குறியும் இல்லாததால், படிக்கத்தானே என்று நினைத்து அசல் பக்கத்தையே கர்னல் எடுத்துக் கொடுக்கிறது. எழுத்து அசலில் விழுகிறது.

ஒவ்வொரு அடியும் அதற்குரிய லாக்கின் கீழ்தான் நடந்தது. முதல் அடியில் தெரிந்துகொண்ட செய்தி இரண்டாம் அடிவரை மாறாது என்ற நம்பிக்கைதான் உடைந்தது. திருத்தமும் புதிய லாக் எதையும் சேர்க்கவில்லை. எழுதும் குறியை நீக்காமல், நகல் எடுத்தாயிற்று என்பதற்குத் தனிக் குறி வைத்தார்கள். பதினோரு வருடம் முன்பு இதைத் திருத்த முயன்று சரிவரவில்லை என்று லினஸ் டோர்வால்ட்ஸே அந்தத் திருத்தக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

## எதை வைத்து எடை போடுவது

தூங்கலாமா? தூங்குவது என்றால், காத்திருக்கும்போது புராசசரை மற்ற வேலைகளுக்கு விட்டுக்கொடுப்பது; இன்டரப்ட் சூழலில் அது கூடாது. இரண்டு பக்கங்களில் ஒன்று இன்டரப்ட் சூழலில் ஓடினால் பாதி வழிகள் உடனே அடைபட்டுவிடும். முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பொருளை யார் விடுவிக்கிறார்கள்? டேட்டாவைக் காப்பது ஒரு வேலை, டேட்டா இருக்கும் மெமரியே காணாமல் போகாமல் காப்பது வேறு வேலை. லாக் அந்தப் பொருளுக்குள்ளேயே இருந்தால், பொருளை விடுவிக்கும்போது லாக்கும் சேர்ந்தே போய்விடும். எல்லையில் நடக்கும் மோசமான தவறுகள் பெரும்பாலும் இந்த வகை.

எதிர்ப்பக்கம் திரும்பக் கூப்பிடுமா? உங்கள் லாக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பிரிவின் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது சுற்றி வந்து உங்கள் கோடுக்குள்ளேயே நுழையலாம்.

படிப்பது அதிகமா, எழுதுவது அதிகமா? எல்லோரும் முதலில் பேசுவது இதைத்தான். நான் இதை நான்காவதாகவே வைப்பேன். வேகக் குறைவைப் பிறகு அளந்து சரிசெய்யலாம்.

தப்பைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டா? லாக் வரிசைத் தப்பைக் கர்னலே காட்டிக்கொடுக்கும். வேறு சில தப்புகள் ஆலையில் ஒரு நள்ளிரவில்தான் வெளியே வரும்.

## ஒரே பெரிய லாக்

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் ஒற்றைத் தடத்தில் ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். மோதலுக்கே இடமில்லை, மற்றது காத்துக் கிடக்கும். லினக்ஸ் 1996இல் 2.0 பதிப்பில் பல புராசசர்களை ஆதரிக்கத் தொடங்கியபோது இப்படித்தான் 'பிக் கர்னல் லாக்' வந்தது. முழுதாக நீக்க 2011 ஆனது, பதிப்பு 2.6.39.

அத்தனை வருடம் பிடித்ததற்குக் காரணம் அதன் குணம். வைத்திருப்பவர் தூங்கப் போனால் அதுவே விடுபட்டுக்கொள்ளும், வைத்திருப்பவரே மறுபடி பிடிக்கவும் முடியும். அதனால் எந்த டேட்டாவை அது காக்கிறது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போயிற்று. பெரிய லாக்கின் உண்மையான செலவு இதுதான்: இன்று எழுத எளிது, நாளை பிரிக்க ஆள் கிடைக்காது.

ஆனாலும் இதை அடியோடு ஒதுக்க மாட்டேன். நெட்வொர்க் பிரிவின் அமைப்பு மாற்றங்கள் நெடுங்காலம் 'ஆர்டிஎன்எல்' என்ற ஒரே ம்யூடெக்ஸின் கீழ் ஓடின. முறையான கணித நிரூபணத்துக்குப் பேர்போன செல்4 மைக்ரோகர்னலும் பல கோர்களுக்குப் பெரிய லாக்கையே எடுத்துக்கொண்டது, அதன் கர்னல் அழைப்புகள் மிகக் குறுகியவை என்பதால். எப்போதாவது நடக்கும் அமைப்பு மாற்றம், குறுகிய வேலை என்ற இரண்டும் இருந்தால் பெரிய லாக் நேர்மையான தேர்வு.

## ஸ்பின்லாக்

லாக் கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் வகை இது. எதிர்ப்பக்கம் இன்டரப்ட் என்றால் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்வீர்கள். நாலைந்து மாறிகளை ஒன்றாக மாற்ற, ஒன்றாகப் படிக்க இது போதும்.

இன்டரப்ட் ஹேண்ட்லரும் எடுக்கும் லாக்கைச் சாதாரணமாகப் பிடித்தால், அதே கோரில் இன்டரப்ட் வந்தவுடன் அது உங்களுக்காகக் காத்திருக்கும், நீங்கள் அது முடியக் காத்திருப்பீர்கள். பெட்டி உறைந்துவிடும். அதனால்தான் இன்டரப்ட்டை நிறுத்திவைத்துப் பிடிக்கும் 'ஐஆர்க்யூ சேவ்' வடிவம்.

இதைப் பிடித்திருக்கும்போது தூங்கும் வாய்ப்புள்ள எதையும் கூப்பிடக் கூடாது. சாதாரண மெமரி ஒதுக்கீடும், யூசர் மெமரிக்கு நகலெடுப்பதும் இதில் அடக்கம். இன்னொரு பிரிவின் ஃபங்ஷன் இன்று தூங்காமல் இருக்கலாம், அடுத்த பதிப்பில் தூங்கலாம். அந்த உறுதி அதன் ஆவணத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: 2024இல் 6.12 பதிப்போடு ரியல்டைம் ஆதரவு (குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் வசதி) மூலக் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த அமைப்பில் சாதாரண ஸ்பின்லாக் தூங்கும் லாக்காக மாறிவிடும், 'ரா ஸ்பின்லாக்' மட்டுமே பழைய குணத்தோடு இருக்கும். தொழிற்சாலைப் பெட்டி செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

## ம்யூடெக்ஸ்

இரண்டு பக்கமும் தூங்கலாம் என்றால் இதுவே முதல் தேர்வு. பிடித்தவரே விடவேண்டும் என்ற கண்டிப்பு இருப்பதால் தப்பும் சீக்கிரம் பிடிபடும்.

ஆனால் எல்லையில் இது இரண்டு இடங்களில் கடிக்கும்.

முதலாவது, சிஸ்எஃப்எஸ். நம் பெட்டியில் டெக்னீஷியன் காலிபரேஷன் எண்ணை எழுதுகிறார். அந்த ஃபங்ஷன் டிரைவரின் ம்யூடெக்ஸுக்குக் காத்திருக்கிறது. அதே கணத்தில் கேபிள் பிடுங்கப்படுகிறது. துண்டிப்பு ஃபங்ஷன் ம்யூடெக்ஸை ஏற்கெனவே பிடித்துக்கொண்டு, சிஸ்எஃப்எஸ் கோப்பை நீக்கச் சொல்கிறது. அந்தக் கோப்பில் நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் முடியும்வரை சிஸ்எஃப்எஸ் காத்திருக்கும். அழைப்போ ம்யூடெக்ஸுக்குக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது, இதுதான் டெட்லாக். உங்கள் கோடைப் படித்தால் ஒரே ஒரு லாக்தான் தெரியும். இன்னொன்று, சிஸ்எஃப்எஸ் உள்ளே வைத்திருக்கும் காத்திருப்பு. கண்ணுக்குத் தெரியாத அதையும் ஒரு லாக்காகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மெமரி நிர்வாகம். ஃபைல் சிஸ்டம் தன் லாக்கைப் பிடித்துக்கொண்டு மெமரி கேட்கிறது. மெமரி தட்டுப்பாடு. இடம் பண்ண, மெமரி நிர்வாகம் ஃபைல் சிஸ்டத்தையே கூப்பிடுகிறது. அது அதே லாக்கைக் கேட்கிறது. இதற்காகவே 'ஃபைல் சிஸ்டத்துக்குள் திரும்பிப் போகாதே' என்று சொல்லும் 'நோஎஃப்எஸ்' ஒதுக்கீட்டுக் கொடி இருக்கிறது. ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் கொடி போடாமல் ஒரு பகுதி முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் வசதி 2017இல் 4.12 பதிப்பில் வந்தது. மெமரி நிர்வாகக் கோடின் 'ஃபைல்மேப்' கோப்பில் லாக்குகளை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே கமென்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் டிரைவருக்கும் அப்படி ஒன்று எழுதுங்கள், நாலு வரியானாலும் சரி.

## ஆர்.சி.யு

'ரீட்-காப்பி-அப்டேட்' என்பதன் சுருக்கம், 2002இல், 2.5.43 பதிப்பில் லினக்ஸுக்குள் வந்தது. படிப்பவர் லாக் எதையும் எடுப்பதில்லை. மாற்றுபவர் புதிய நகலைத் தயார்செய்து பாயின்டரை (டேட்டா இருக்கும் மெமரி முகவரி) மாற்றிவிட்டு, பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வெளியேறும்வரை பொறுத்து, அதன் பிறகே பழையதை விடுவிப்பார். கோப்புப் பாதைகளைத் தேடுவது 2011இல் 2.6.38 பதிப்பிலிருந்து பெருமளவு இப்படித்தான் நடக்கிறது.

எல்லைப் பிரச்சினைக்கு இது அருமையான ஒரு பதில், ஏனென்றால் மெமரியின் ஆயுளையும் சேர்த்தே காக்கிறது. படிப்பவர் எந்த லாக் வரிசையிலும் சேரமாட்டார், அதனால் அந்தப் பக்க டெட்லாக்கும் குறைவு.

செலவுகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. படிப்பவர் பழைய மதிப்பைப் பார்க்க நேரும், அதைத் தாங்கும் டேட்டாவுக்கு மட்டுமே இது பொருந்தும். சாதாரண ஆர்.சி.யுவில் படிப்பவர் தூங்கக் கூடாது, தூங்க வேண்டுமென்றால் அதற்கு இடம் தரும் எஸ்.ஆர்.சி.யு என்ற வடிவம். எழுதுபவர்கள் தங்களுக்குள் மோதாமல் இருக்க எப்படியும் ஒரு லாக் வேண்டும். எல்லோரும் வெளியேறக் காத்திருப்பது மில்லிநொடிக் கணக்கில் இழுக்கும். காத்திராமல் பிறகு விடுவிக்கச் சொன்னால், பழைய நகல்கள் மெமரியில் குவியும்.

இதை அரைகுறையாகக் கலப்பதுதான் பெரிய ஆபத்து. 2023இல் வெளிவந்த 'ஸ்டாக்ராட்' ஓட்டை அப்படிப்பட்டது. மெமரி நிர்வாகம் 6.1 பதிப்பில் மேப்பிள் ட்ரீ என்ற புதிய அமைப்புக்கு மாறியது. ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிக டேட்டா வைக்கும் மெமரி) வளரும்போது மரத்தின் கணு மாற்றப்பட்டு, பழைய கணு ஆர்.சி.யு முறையில் விடுவிக்கப்பட்டது. மறுபக்கம் படித்தவர்களோ லாக்கின் படிக்கும் பங்கைப் பிடித்திருந்தார்கள், ஆர்.சி.யு காப்புக்குள் இல்லை. இரு தரப்பும் வெவ்வேறு காப்பை நம்பியதால், விடுவித்த மெமரியைத் தொட நேர்ந்தது.

## ரெஃப் கவுன்ட்

இது லாக் அல்ல, ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற ஆயுள் கணக்கு மட்டும். ஆனால் இரு பிரிவுகள் ஒரே பொருளைப் பிடித்திருந்தால் எந்த லாக்கை எடுத்தாலும் இதுவும் பெரும்பாலும் தேவைப்படும். 2017இல் 4.11 பதிப்பில் வந்த 'ரெஃப்கவுன்ட்' வகையையே பயன்படுத்துங்கள். எண்ணிக்கை நிரம்பினால் பூஜ்யத்துக்குச் சுற்றி வராமல் உச்சத்திலேயே நின்றுவிடும்.

எங்கோ ஓர் இடத்தில் கணக்கைக் குறைக்க மறந்தால், பொருள் ஒருபோதும் விடுபடாது. நெட்வொர்க் சாதனத்தை நீக்கும்போது, 'அது விடுபடக் காத்திருக்கிறேன்' என்ற செய்தியைக் கர்னல் திரும்பத் திரும்ப அச்சிடுவதைச் சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் பலர் கண்டிருப்பார்கள். அப்போது கணக்கைக் குறைக்காதவர் யார் என்று மற்றப் பிரிவுகளின் கோடையெல்லாம் தேட வேண்டியிருக்கும்.

## சீக்லாக்

சிறிய, பாயின்டர் இல்லாத, அடிக்கடி படிக்கப்படும் டேட்டாவுக்கு நல்லது. கர்னல் நேரத்தைப் படிப்பது இப்படித்தான். இடையில் யாராவது எழுதியிருந்தால் படிப்பவர் மறுபடி படிப்பார். பாயின்டர் இருந்தால் தொடாதீர்கள்.

## ஒருவரிடமே ஒப்படைப்பது: வொர்க்கியூ

வேலைகளை வரிசையில் போட்டுப் பிறகு ஓடவிடும் வசதிதான் வொர்க்கியூ. பகிர்வதையே தவிர்க்கும் வழி இது. சாதனத்தின் நிலையை மாற்றும் உரிமை ஒரே ஒரு வரிசை வேலைக்குத்தான், மற்றவர்கள் கோரிக்கை மட்டும் போடுவார்கள். உங்கள் லாக்கோடு அயல் பிரிவுக்குள் நுழைவது இதனால் வெகுவாகக் குறையும். எல்லைச் சிக்கலுக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான். இரண்டு பிரிவுகள் ஒரு டேட்டாவுக்காக முட்டுகிறார்கள் என்றால், எந்த லாக் என்பதற்கு முன், அது இருவருக்கும் சொந்தமாக இருக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள்.

தாமதம் கூடும், கோரிக்கைக்கு மெமரி வேண்டும், வரிசை நிரம்பினால் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். மிகவும் கடினமான இடம் நிறுத்துவது. டைமர் வேலையைப் போடுகிறது, வேலை டைமரை மறுபடி வைக்கிறது என்றால், ஒன்றை நிறுத்தும்போது மற்றது அதை எழுப்பிவிடும். இதற்காகவே, இனி மறுபடி வைக்கவே முடியாதபடி டைமரை முடிக்கும் 'டைமர் ஷட்டவுன் சிங்க்' 6.2 பதிப்பில் சேர்ந்தது. வேலை எடுக்கும் ம்யூடெக்ஸையே பிடித்துக்கொண்டு அந்த வேலையை ரத்து செய்யக் காத்திருந்தால், மறுபடி டெட்லாக்.

| வழி | தூங்கலாமா | ஆயுளைக் காக்குமா | எல்லையில் மறைந்த செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| பெரிய லாக் | ம்யூடெக்ஸ் என்றால் ஆம் | இல்லை | பிறகு பிரிப்பது | அரிதான அமைப்பு மாற்றம் |
| ஸ்பின்லாக் | கூடாது | இல்லை | அயல் ஃபங்ஷன் தூங்கிவிடலாம் | இன்டரப்ட்டோடு சிறு டேட்டா |
| ம்யூடெக்ஸ் | ஆம் | இல்லை | கண்ணுக்குத் தெரியாத காத்திருப்புகள் | இரு பக்கமும் தூங்கும் நிலை |
| ஆர்.சி.யு | படிப்பவர் கூடாது | ஆம் | பழைய மதிப்பு, குவியும் மெமரி | படிப்பு மிக அதிகம் |
| ரெஃப் கவுன்ட் | பொருந்தாது | ஆம் | மறந்த ஒரு குறைப்பு | பல பிரிவுகளின் ஒரே பொருள் |
| சீக்லாக் | எழுதுபவர் பொதுவாகக் கூடாது | இல்லை | மறுபடி படிப்பது | நேரம் போன்ற சிறு எண்கள் |
| வொர்க்கியூ | ஆம் | நிறுத்தும் வரிசை சரியானால் | தாமதம், நிறுத்துவது | சாதனக் கட்டளைகள் |

## அந்தப் பெட்டிக்கு என் தேர்வு

கடைசி அளவும் அது எடுத்த நேரமும் சேர்ந்தே மாற வேண்டும், எழுதுவது இன்டரப்ட் சூழல். ஆகவே ஸ்பின்லாக். காலிபரேஷன் எண்கள் மிகச் சில, அவற்றையும் அதே ஸ்பின்லாக்கின் கீழ் நகலெடுத்துவிடலாம். இங்கே ஆர்.சி.யு போட்டால் சிக்கல்தான் கூடும், அந்தப் பெட்டியில் நொடிக்கு லட்சம் முறை யாரும் படிப்பதில்லை. சென்சாருக்குக் கட்டளை அனுப்பும் உரிமை வொர்க்கியூ வேலைக்கு மட்டும். சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலுக்காக ரெஃப் கவுன்ட். 'சாதனம் போய்விட்டது' என்ற குறிக்கு ஒரு ம்யூடெக்ஸ்.

கேபிள் பிடுங்கும்போது வரிசை முக்கியம். முதலில் ம்யூடெக்ஸின் கீழ் குறியைப் போட்டுவிட்டு, ம்யூடெக்ஸை விட்டுவிடுங்கள். பிறகு, எந்த லாக்கும் கையில் இல்லாமல், சிஸ்எஃப்எஸ் கோப்புகளை நீக்குங்கள். அடுத்து எது எதை எழுப்புகிறதோ அந்த வரிசையிலேயே நிறுத்துங்கள்: டைமர், வொர்க்கியூ வேலை, யுஎஸ்பி கோரிக்கை. டைமரை முதலில் முடிக்காமல் வேலையை ரத்து செய்தால், அந்தச் சிறு இடைவெளியில் டைமர் புதிய வேலையைப் போட்டுவிடும். பொருளை விடுவித்த பிறகு அந்த வேலை ஓடும். எல்லாம் அடங்கிய பின்தான் உங்கள் பங்கு ரெஃப் கவுன்ட்டைக் குறைக்க வேண்டும். நிரல் இன்னும் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் பொருள் உயிரோடு இருக்கும். அடுத்த முறை படிக்கும்போது குறியைப் பார்த்து, சாதனம் இல்லை என்ற பிழை திரும்பும்.

## அனுப்பும் முன் ஓட்ட வேண்டியவை

2006இல் 2.6.18 பதிப்பில் வந்த 'லாக்டெப்' டெட்லாக் உண்மையில் நடக்கும்வரை காத்திருப்பதில்லை. லாக்குகள் எடுக்கப்பட்ட வரிசைகளை நினைவில் வைத்து, இரண்டு வரிசை எதிரெதிராகப் போனாலே சொல்லிவிடும். மேலே சொன்ன சிஸ்எஃப்எஸ் காத்திருப்பையும், மெமரி நிர்வாகம் சுற்றி வருவதையும் அது அறியும். ஆனால் ஓடிய பாதையை மட்டுமே அதனால் பார்க்க முடியும். சோதனையில் ஒருமுறைகூடக் கேபிளைப் பிடுங்கவில்லை என்றால் துண்டிப்புப் பாதையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

லாக்கே போடாமல் விட்ட இடங்களைத் தேட, 2020இல் 5.8 பதிப்பில் வந்த 'கேசிசான்' இருக்கிறது. விடுவித்த மெமரியைத் தொடுவதைப் பிடிக்கக் 'கேசான்'. மூன்றும் பெட்டியை மந்தமாக்கும், ஆலைக்கு அனுப்பும் கர்னலில் அணைத்துவிடுங்கள். கேசானும் கேசிசானும் ஒரே கர்னலில் சேராது, அதனால் மேசையில் லாக்டெப்போடு அவற்றைத் தனித்தனிக் கர்னலில் ஏற்றி, ஒரு நிரல் இடைவிடாமல் படிக்க, இன்னொன்று காலிபரேஷன் எண்ணை மாற்றிக்கொண்டிருக்க, யுஎஸ்பி இணைப்பை மென்பொருள் வழியாகத் திரும்பத் திரும்பத் துண்டித்துச் சேர்க்கும் ஸ்கிரிப்டை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். 'டர்ட்டி கவ்' போல எல்லா லாக்கும் சரியாக இருந்து நம்பிக்கை மட்டும் தப்பான இடங்களை இந்தக் கருவிகள் காட்டாது. அதற்கு, லாக்கை விட்டு மறுபடி பிடிக்கும் ஒவ்வோர் இடத்திலும், முன்பு பார்த்தது இப்போதும் உண்மைதானா என்று கோடில் மறுபடி பார்க்கிறீர்களா என்பதை இன்னொருவரை உட்காரவைத்து வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள்.